இரண்டு பள்ளித் தெருக்கள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கமா என்று பெயர். வைத்தது நாங்கள் அல்ல, வரும்போதே கொண்டுவந்தாள். வேலை பழகிய காலத்தில் ஒரு கமாவைப் போட மறந்துவிட்டு, புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று காலையிலிருந்து மாலைவரை தேடியிருக்கிறாள். கடைசியில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து விரலால் தொட்டுக் காட்டினாராம். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று. "முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே, அதைச் சொல்லுங்க" என்று முதல் நாளே சிரித்தாள்.

நாங்கள் எடை இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம். மொத்தம் பதினொரு பேர். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. டெஸ்டர் என்பார்கள். என் வீட்டுக்காரர் 'மாமியார் உத்தியோகம்' என்பார். கமாவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. தன் கதையை அவள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், பஸ்ஸுக்கு நிற்கையில் கொஞ்சம். ஒருமுறை பாதியில் நிறுத்திவிட்டு, எட்டு மாதம் கழித்து அதே வாக்கியத்திலிருந்து தொடர்ந்தாள். நான் அதைக் கோத்துச் சொல்கிறேன்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதி லிஃப்ட்டுகளின் வயிற்றுக்குள் போய் வந்தவர், ஆனால் ஒன்றிலும் ஏறமாட்டார். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவங்க ஏறட்டும்" என்பார். கமா கல்லூரியில் படித்தது தாவரவியல். அந்தப் படிப்புக்கு யாரும் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் தரைத்தளத்தில், படிவங்களைப் பார்த்து முகவரிகளைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. மூன்று வருடம். ஒரு நாளைக்கு எண்ணூறு முகவரி.

மனிதர்கள் தங்கள் வீட்டை எப்படி எழுதுகிறார்கள் என்பது அவளுக்கு அங்கேதான் பழகிற்று. ஒருவர் கதவு எண்ணை விட்டுவிட்டு 'பச்சை கேட்' என்று எழுதியிருப்பார். இன்னொருவர் மூடிப் பத்து வருடமான தியேட்டருக்கு எதிர்ப்புறம் என்று எழுதியிருப்பார். ஒரே தெருவை ஏழு விதமாக எழுதுவார்கள். அந்த ஏழும் ஒன்றுதான் என்று கமாவின் விரலுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மாலை வகுப்பில் சேர்ந்து, மேல்தளத்து ஆட்களை நச்சரித்து, ஒன்றரை வருடத்தில் தானே ஒரு புரோகிராம் எழுதினாள். ஒரு வாரத்து வேலையை அது இருபது நிமிடத்தில் முடித்தது. ஐந்தாவது மாடியில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த நாற்காலியைப் பார்க்க அப்பா ஐந்து மாடியும் படியேறி வந்தார். வந்து சேர்ந்ததும் பேச்சு வரவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, "இதுக்குத்தாம்ப்பா லிஃப்ட் கண்டுபிடிச்சாங்க" என்றாள். "கண்டுபிடிச்சவன் ஏறட்டும்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. பிறகு அந்த நாற்காலியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, ஒரு திருகு தளர்ந்திருப்பதாகச் சொல்லி, தன் சட்டைப்பையிலிருந்து திருப்புளி எடுத்து முறுக்கிவிட்டுப் போனார்.

இது நடந்து ஆறு வருடத்தில், நகரத்தின் ஆம்புலன்ஸ் சேவைக்கு மென்பொருள் செய்யும் வேலை அந்த நிறுவனத்துக்கு வந்தது. முகவரி கண்டுபிடிக்கும் பகுதி கமாவுக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போன் வந்ததும், பேசுகிறவர் எந்த செல்போன் டவருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்ற தகவல் தானாக வந்துவிடும். ஆபரேட்டர் தெருவின் பெயரைத் தட்டினால், அந்த டவருக்கு அருகிலுள்ள தெரு திரையில் மேலே நிற்கும். எண்டரைத் தட்டினால் வண்டி கிளம்பிவிடும். ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்து, டவர் தகவலும் வராமல் போனால்? அதற்குக் கமா ஒரு பெட்டி வைத்திருந்தாள். 'இந்தப் பெயரில் இரண்டு தெருக்கள் உள்ளன. எது?' என்று அது கேட்கும்.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கெட்டவர் இல்லை. பிறந்தநாள்களை மறக்காதவர். "கமா, இங்க ஒவ்வொரு க்ளிக்கும் ஒரு செகண்ட். செகண்டுன்னா உயிரு. எடுத்துடுங்க."

"டவர் வரலைன்னா என்ன சார் செய்யறது?"

"எத்தனை தடவை வராம போகும்?"

"ஆயிரத்துக்கு ஒண்ணு. அதுகூட இருக்காது."

"அப்புறம் என்ன?"

எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்: டவர் தகவல் இல்லாவிட்டால், பட்டியலில் முதலில் இருக்கும் தெருவை எடுத்துக்கொள். வரிக்குப் பக்கத்தில், நாங்கள் எல்லாரும் எழுதுவதுபோல, தனக்குத்தானே ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்: 'பிறகு பார்க்கணும்.' அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வேறு வேலை வந்தது.

பதினான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

அந்த நகரத்தில் இரண்டு பள்ளித் தெருக்கள் இருந்தன, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு, தெற்குப் பள்ளித் தெரு பதினேழாம் எண்ணில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், வெட்டிய கண்ணாடி ஒன்றை வண்டியில் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பத்து நாலு வயது. மனைவி போன் செய்தாள். அன்று அந்த டவர் தகவல் வரவில்லை. ஆபரேட்டர் பெண், "பக்கத்துல என்னக்கா அடையாளம்?" என்று முறைப்படி கேட்டிருக்கிறாள். "ஸ்கூலு. ஸ்கூலுக்குப் பக்கத்துல" என்றாள் மனைவி. பள்ளித் தெரு என்றால் இரண்டிலும் பள்ளிக்கூடம் இருக்கத்தானே செய்யும்.

வண்டி ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது, வடக்குப் பள்ளித் தெரு பதினேழாம் எண்ணுக்கு. கதவைத் திறந்த முதியவர் கையில் செய்தித்தாளோடு, "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாராம். அங்கிருந்து தெற்கே வந்து சேர இன்னும் பத்தொன்பது நிமிடம். அதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர், "லாக்கை எடுத்துப் பாருங்க, என்ன நடந்திருக்கு?" என்றார். லாக் என்பது, எந்த நொடியில் என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பேரேடு. கமா பார்த்தாள். ஆபரேட்டரின் திரையில் வந்தது ஒரே ஒரு பள்ளித் தெரு. இன்னொன்று இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதை மறைத்தது அந்த வரி.

மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்ன இருக்கு?"

"ஆபரேட்டர் எண்டர் தட்டியிருக்காங்க" என்றாள் கமா.

அது பொய் இல்லை. அதற்குமேல் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், "நினைச்சேன். கன்ஃபர்ம் பண்ணாம தட்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

"நான் முடிவு பண்ணி மறைக்கலை" என்று கமா என்னிடம் மூன்று நான்கு முறை சொல்லியிருக்கிறாள். "ஒரு மூச்சு விடற நேரம். அந்த மூச்சை விட்டுட்டேன், அவ்வளவுதான். அடுத்த நாள் சொன்னா, ஏன் நேத்தே சொல்லலைன்னு கேப்பாங்க. அடுத்த வாரம் சொன்னா, ஏன் போன வாரம் சொல்லலைன்னு கேப்பாங்க."

விசாரணை நடந்தது. 'முகவரியை உறுதிசெய்யத் தவறினார்' என்று எழுதி, ஆபரேட்டர் பெண்ணை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கமா அந்த வாரமே அந்த வரியை எடுத்துவிட்டு, பழைய பெட்டியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதியாக வேண்டும். 'சிறு திருத்தம்' என்று எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கண்ணாடிக்காரர் வர ஆரம்பித்தார்.

கமா பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. எனக்கும் நம்பிக்கை கிடையாது. அவள் சொன்னபடியே சொல்கிறேன். வேலை செய்யும்போது நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நிற்பதுபோல் இருக்கும். நல்ல பட்டப்பகலில், சுற்றிலும் நாற்பது பேர் இருக்கும்போது. திட்டமாட்டார், ஒன்றும் கேட்கமாட்டார். கடையில் பொருள் கேட்டுவிட்டு, கடைக்காரர் தேடி எடுத்துவரும்வரை பொறுமையாக நிற்பவரைப்போல நிற்பார். அவ்வப்போது சுவரிலிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார். திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது. "சட்டை மட்டும் தெரியும்" என்றாள். "ஏன் சட்டைன்னு கேக்காதீங்க."

தெருவில் சைரன் கேட்டால் நடந்துகொண்டிருப்பவள் நின்றுவிடுவாள். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காது கொடுப்பாள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, கருகிய நாற்றம் பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் வந்து கதவைத் தட்டியபோது கமா ஜன்னலோரம் நின்று, சைரன் கேட்டதிலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியிருந்தாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வடக்குப் பள்ளித் தெரு பதினேழாம் எண்ணிலிருந்து தெற்குப் பள்ளித் தெரு பதினேழாம் எண் வரை நடந்தாள். ஏன் நடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. கடை திறந்திருந்தது. உள்ளே அந்த மனைவி, கையுறை மாட்டிக்கொண்டு, மேசைமேல் போட்ட கண்ணாடியில் வைரமுனைக் கட்டரால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கோடு வளைந்தது. தட்டியதும் கண்ணாடி விரும்பிய இடத்தில் உடையவில்லை. "போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னம்மா வேணும்?"

சுவரில் படம் இருந்தது. காதில் பென்சில் செருகிய மனிதர், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியதுபோல. சட்டை, கமாவுக்குத் தெரிந்த சட்டையாக இல்லை. அதில் அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல். "படத்துக்குக் கண்ணாடி போடணும்" என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

கமாவின் கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். மனைவி தன் ஓவியங்களுக்கு ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து முதலில் நெகிழ்ந்துபோனார். "பதினோரு வருஷம் கழிச்சு என் படத்துக்கு மரியாதை வந்திருக்கு" என்று நண்பர்களிடமெல்லாம் சொன்னார். படங்கள் தீர்ந்தன. பிறகு சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடி வந்தது. அலமாரிக் கதவுகளுக்கு வந்தது. குளியலறைக்கு ஒரு நிலைக்கண்ணாடி, கூடத்தில் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று. ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வீடா இது, முடிவெட்டுற கடையா? என்னம்மா ஆச்சு உனக்கு?"

அன்றுதான் அவரிடம் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த ஆபரேட்டர் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். கமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறந்தவர் பின்னால் ஓடி ஓடி, உயிரோடு இருக்கிறவளை அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. "தெரியாது" என்றாள். தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. கடைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது வருடத்தில் ஒரு மதியம். கண்ணாடிக்காரர் மனைவிக்கு அதற்குள் கை பழகிவிட்டது. கோடு இழுத்துத் தட்டினால் ரொட்டி பிட்டதுபோல் கண்ணாடி இரண்டாகும். கமாவுக்கு வேண்டிய துண்டை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, செய்தித்தாளில் சுற்றினாள். சுற்றியதைக் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"உன் வீட்ல எத்தனை ஜன்னல்மா?"

கமா கைப்பையிலிருந்து பணத்தை எடுத்தாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்குப் போன்ல பேசின பொண்ணு நீதானே?"

கமாவின் தலை ஆடிவிட்டது. ஆமாம் என்பதுபோல். அவள் ஆட்டவில்லை, அதுவாக ஆடிற்று என்கிறாள்.

"நேர்ல குரல் வேற மாதிரி இருக்கு. போன்ல அப்படித்தான் இருக்கும்போல" என்றாள் அந்த அக்கா. கண் கலங்கவில்லை, குரல்தான் தாழ்ந்தது. "உன்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் போய்ச் சொல்லியிருக்கணும். அப்ப எனக்கே புத்தி புத்தியா இல்ல. நீ கடைசிவரைக்கும் லைன்ல இருந்தே. 'வந்துட்டே இருக்காங்க அக்கா, அவர் தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, நான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தே. அந்த நேரத்துல இந்தத் தெருவுல ஒரு ஆள் இல்ல. உன் குரல் ஒண்ணுதான் இருந்துச்சு. உன்மேல எனக்கு ஒரு துளி கோவம் இல்லம்மா. அதைச் சொல்லிடணும்னுதான்."

பிறகு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். கமா அதை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, தெருமுனை வரை நடந்து, ஒரு கடையின் மூடிய ஷட்டர்மேல் சாய்ந்து வாந்தி எடுத்தாள். யாருக்கோ வந்த மன்னிப்பு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆபரேட்டர் பெண்ணைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. நகரத்தின் மறுகோடியில் ஒரு செருப்புக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், ஒல்லி. கமா உள்ளே போனதும், "உக்காருங்க மேடம். உங்களுக்கா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் கமாவால் உட்காராமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, குனிந்து, "காலைக் குடுங்க" என்று அவள் பாதத்தைத் தன் கையில் எடுத்தாள்.

யார் காலில் விழவேண்டும் என்று வந்தாளோ, அவள் தன் காலைப் பிடித்துக்கொண்டு அளவு பார்க்கிறாள். கமா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கூச்சமா மேடம்?"

"அந்தப் பள்ளித் தெரு போன் கால்..." என்று ஆரம்பித்தாள் கமா. மீதியை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண்ணாடிகள், தலை ஆடியது உட்பட.

அந்தப் பெண் முக்காலியைவிட்டு எழவில்லை. கையிலிருந்த ஒற்றைச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு வருஷம்" என்றாள். "ரெண்டு வருஷமா நான் அந்தப் போன் காலை மனசுக்குள்ள திரும்பத் திரும்பப் பேசிப் பாக்கறேன். 'எந்த ஸ்கூல்'னு நான் ஏன் கேக்கலை? எந்த ஸ்கூல் அக்கான்னு ஒரு வார்த்தை. எங்கம்மாவே சொல்லிட்டாங்க, நீ கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்னு. நீங்க கண்ணாடி வாங்கிட்டு இருந்தீங்களா?"

கமா இழுத்துக்கொண்ட காலைத் தன் செருப்புக்குள் நுழைத்தாள்.

"அந்த வரி எங்க? எனக்குப் பாக்கணும்."

அது கமாவின் கைப்பையிலேயே இருந்தது. வரியை நீக்கிய அன்றே, அது இருந்த பக்கத்தை அச்செடுத்து, நாலாக மடித்து வைத்திருந்தாள். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. அந்தப் பெண் அதை முழங்கால்மேல் விரித்து வைத்தாள். கமா விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

"பிறகு பார்க்கணும்னு."

அந்தப் பெண் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. கடை முதலாளி எட்டிப் பார்த்தார். காகிதத்தைத் திரும்ப மடித்து நீட்டினாள். "எனக்கு உங்க அழுகை வேணாம். எழுதிக் குடுங்க. யார் கேட்டாலும் காட்டற மாதிரி எழுதிக் குடுங்க."

கமா எழுதினாள். லாக், அந்த வரி, எடுத்த தேதி, 'சிறு திருத்தம்', மேனேஜர் சொன்னது, தான் சொல்லாதது எல்லாவற்றையும் ஏழு பக்கத்தில் எழுதி ஆம்புலன்ஸ் சேவைக்கு அனுப்பினாள். ஒரு பிரதி தன் நிறுவனத்துக்கு, ஒரு பிரதி செருப்புக்கடைக்கு.

போலீஸ் வரும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. நாலு மாதம் கழித்து விசாரணைக் குறிப்பைத் திருத்தினார்கள். ஆபரேட்டர்மேல் தவறில்லை என்று ஒரு கடிதம் போயிற்று, பழைய வேலைக்குத் திரும்ப வரலாம் என்றும். அவள் போகவில்லை. "அந்த ஹெட்போனை இனிமே காதுல வைக்க முடியாது" என்று கமாவிடம் போனில் சொன்னாள். "ஆனா லெட்டரை எங்கம்மாகிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை." அவர்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கமாவையும் யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஜன்னலோரம் ஒரு மேசை, கம்ப்யூட்டர், மாதம் தவறாமல் சம்பளம். மேனேஜர் லிஃப்ட்டில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். அந்த வருடமும் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினார். மூன்று மாதம் பார்த்துவிட்டு அவளாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

கண்ணாடிக் கடைக்குக் கடைசியாக ஒருமுறை போனாள். அதற்குள் உண்மையான ஆபரேட்டர் பெண் அங்கே போய் வந்திருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கமாவுக்கு இன்றுவரை தெரியாது. கமா நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்த அக்கா அளவுகோலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள். குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கையுறையைக் கழற்றினாள்.

"அவ வந்து அவ மனசுல இருந்ததைச் சொல்லிட்டுப் போயிட்டா. நீயும் வந்து சொல்லிட்டே. உங்க ரெண்டு பேருக்கும் பாரம் இறங்கியிருக்கும். இப்ப நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

கழற்றிய கையுறையை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"ஆறு மாசமா நான் அவர் விதி முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுத் தூங்க ஆரம்பிச்சிருந்தேன்" என்றாள் அந்த அக்கா. "இனிமே இங்க வராதே."

அதற்குப் பிறகு போகவில்லை.

எங்கள் நிறுவனத்தில் சேர்வதற்கு முன் நாலு இடத்தில் நேர்காணலுக்குப் போயிருக்கிறாள். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். நடந்ததைச் சொல்வாள். "பிறகு தெரிவிக்கிறோம்" என்பார்கள். ஐந்தாவதாக எங்கள் முதலாளி கேட்டார். அவர் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எடை இயந்திரத்துல ஆள் சாகமாட்டாங்க. திங்கட்கிழமை வாங்க" என்றாராம். ஆள் சாகமாட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்தாள்.

வேலையில் மெதுவானவள் என்று பெயர். ஒரு நாள் வேலையை மூன்று நாள் வைத்திருப்பாள். அவளோடு சேர்ந்தவர்கள் இரண்டு படி மேலே போய்விட்டார்கள். சில மதியங்களில் தட்டிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும், முதுகு நேராகிவிடும். அப்போது நான் அவளைக் கூப்பிடமாட்டேன். ஒருமுறை மட்டும், பொறுக்கமுடியாமல், நானே அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இடத்தில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்.

போன மாதம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். பழுதுபார்க்கும் ஆட்கள் தினமும் வழி தவறுகிறார்களாம். வாடிக்கையாளர் முகவரியைக் கண்டுபிடித்து அவர்களை அனுப்பிவைக்க ஒரு புரோகிராம் வேண்டும்.

"சார், அது மட்டும் வேணாம்" என்றாள்.

"தெரிஞ்சுதான்மா கேக்கறேன். உங்களைவிட அது தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்கா?"

திரும்பி வந்து உட்கார்ந்தாள். காலை முழுக்கத் திரை வெறுமையாக இருந்தது. சாப்பாட்டுக்கு எழுந்து வரவில்லை. நான் சாப்பிட்டு, கை கழுவி, திரும்பி வந்தபோது நாலு வரி எழுதியிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"இதை நீங்கதானே டெஸ்ட் பண்ணுவீங்க?"

"நான்தான்."

"தப்பு எதுனா கண்ணுல பட்டா எங்கிட்ட தனியா வந்து சொல்லாதீங்க. எல்லாரும் இருக்கும்போது, சத்தமா சொல்லுங்க."

சரி என்றேன். அவள் ஐந்தாவது வரியைத் தட்ட ஆரம்பித்தாள்.